தூக்காத துண்டு

திண்டுக்கல்லில் எங்கள் முருகன் கோயிலிலிருந்து பழனி ரோட்டைப் பிடிக்கப் போகும் தெருவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி கட்டி நடந்து போகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது மேளம் நிற்க வேண்டும். தையல் கடைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் நிறுத்தி, தெருக்குழாய் முக்கில் மறுபடி தொடங்குவது வழக்கம். என் நடைக்கு அது எழுபது எட்டு வைக்கும் தூரம். வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த எழுபது எட்டில்தான் போய் நிற்கிறேன். அலுத்துவிட்டது. இந்த முறை அதையே எழுதிவிடுகிறேன்.

யார் செய்த ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களும் அவர்கள் பக்கத்துப் பெரியவர்களும் எப்போதோ உட்கார்ந்து பேசி முடித்தது. பதிலுக்கு அவர்களுடைய சந்தனக்கூடு ஊர்வலம் எங்கள் கோயில் வாசலைத் தாண்டும்போது அவர்களுடைய கொட்டும் நிற்கும். எந்தக் காகிதத்திலும் இது எழுதப்படவில்லை. எழுதாமலே இரண்டு தலைமுறை நடந்தது.

இதற்கு ஓர் ஆள் தேவை. உறுமி அடிப்பவருக்கு உறுமியைத் தவிர எதுவும் காதில் விழாது. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கத் தேய்க்க அது அடிவயிற்றிலிருந்து உறுமும். மறு கையால் அடி. காவடி எடுத்தவர்கள் அந்தச் சத்தத்தின் மேல்தான் நடக்கிறார்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் கூட்டத்துக்கு முன்னால் ஒருவன் சிவப்புத் துண்டோடு நடப்பான். கம்பம் வந்ததும் துண்டைத் தலைக்கு மேல் விரித்துத் தூக்குவான். மேளக்காரரின் கண் அதிலேயே இருக்கும். துண்டு மேலே இருக்கும்வரை மேளம் இல்லை. முக்கில் துண்டு இறங்கியதும் மறுபடி தொடங்கும். ரயிலுக்குக் கொடி காட்டுவதுபோல் இருந்ததால் தெருவில் என்னை ‘கார்டு வாத்தியார்’ என்பார்கள். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கிப் பதினோரு வருடம் நான்தான் அந்த ஆள்.

அந்த எழுபது எட்டுக்குள் இன்னொன்றும் நடக்கும். பள்ளிவாசலுக்கு அடுத்த சந்தில் ஒரு பாய் இருந்தார். வீட்டின் முன்பகுதியில் பூட்டுப் பட்டறை. பகலெல்லாம் அரம் போடுவார். மாலைத் தொழுகை முடிந்ததும் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார். தைப்பூசத்துக்கு மூன்று மண்பானை நிறைய நன்னாரித் தண்ணீர் கலந்து, தெருவோரம் பெஞ்சு போட்டு நிற்பார். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது சாதாரணமான பொருள் இல்லை. அந்த மூன்று பானைக்கு அவர் வீட்டுப் பெண்கள் எத்தனை நடை நடந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மேளம் நின்ற அந்த அமைதியில், வாயில் அலகு குத்தாத எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு நகர்வார்கள். “முருகனுக்கு அரோகரா” என்று எங்கள் ஆள் யாராவது சொன்னால், “போங்க, போங்க, வெயிலுக்கு முன்னாடி ரெட்டியார்சத்திரத்தப் பிடிங்க” என்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். மதத்துக்காக ஐரோப்பியர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதையும், அதே மதத்துக்காகத் துறவிகள் குஷ்டரோகிகளின் புண்ணைக் கழுவியதையும் ஒரே வாரத்தில் நடத்த வேண்டியிருக்கும். ஒரு முறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தத்தான படிச்சாங்க?” என்றான். வகுப்பு சிரித்தது. “உட்கார்” என்றேன். பரீட்சைக்கு வராத கேள்வி என்பதால் நான் அதற்குப் பதில் தயாரித்திருக்கவில்லை.

நான் கெட்டவனாக இருந்தேன் என்று சொன்னால் எழுதுவதற்கு எளிது. அப்படி இல்லை. அதற்கு முந்தைய வருடம் நடைப்பயணத்தில், ஒட்டன்சத்திரத்துக்குச் சற்று முன்னால், எங்களோடு வந்த ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எல்லோரும் விலகி நின்றார்கள். நான்தான் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் போட்டு, வேட்டியை அவிழ்த்துக் கழுவிவிட்டேன். தோட்டத்து அம்மாள் எட்ட நின்று, “ஏனுங்க, உங்களுக்குச் சொந்தக்காரருங்களா?” என்று கேட்டாள். “இல்லைங்க, இவர் சாமி” என்றேன். அருவருப்பு கொஞ்சமும் தோன்றவில்லை. முருகனைக் கழுவுவதாகவே நினைத்தேன். அதைப் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

அதே நான், அதே விரத மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான், மறு வருடம் துண்டைத் தூக்காமல் நடந்தேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் கோயில் மண்டபத்தில் மூன்று மாலை பேசினார். நல்ல குரல். வடக்கே நாடு பிரிந்தபோது நடந்தவற்றைப் பற்றிப் பேசினார். எங்கள் தெருவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெரு அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள், “நம் சாமி என்ன ஊமையா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நான் விரதத்தில் இருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரை, விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். நாள் ஏற ஏற என்னைவிடச் சுத்தமான ஆள் ஊரில் இல்லை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அப்படிப்பட்ட நான் தெருவில் போய்க் கையைத் தூக்கி என் சாமியின் வாயை அடைக்க வேண்டுமா என்று யோசித்தேன். யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் யாராவது திட்டியிருப்பார்கள்.

வழக்கமாகச் சூரியன் ஏறுமுன் பள்ளிவாசலைத் தாண்டிவிடுவோம். அன்று ஒருவருக்கு அலகு குத்துவதில் தாமதமாகி, நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை. கம்பத்தை நெருங்கும்போது பகல் தொழுகை நடந்துகொண்டிருந்தது. வாசலில் வரிசை வரிசையாகச் செருப்புகள் கிடந்தன.

கம்பம் வந்தது. துண்டு என் தோளில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று வெகு காலம் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. கம்பத்தைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த பாதி கிழிந்த நோட்டீஸைப் பார்த்தேன். தாண்டி நடந்தேன்.

பத்து எட்டு போயிருப்போம். மேளக்காரர் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்திருப்பார். இந்த மனிதரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வடமதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அண்ணன் தம்பி பிள்ளைகளோடு ஒரு மேள செட்டு வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இன்று அவர் என்று எழுதுகிறேன். அன்று எங்கள் தெருவில் எல்லோரும் அவரை வா, போ என்றுதான் சொன்னோம். எங்களோடு பழனி வரைக்கும் நடப்பார். சாப்பாட்டுக்கு மட்டும் தள்ளி உட்காருவார்.

உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வெளியே ஓடி வந்தான்.

“ஏலே, நிறுத்துடா! உள்ள தொழுகை நடக்குது, கண்ணு தெரியல?”

மேளக்காரர் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்ததால் எனக்குத் தெரியும். அவர் கண் என் தோளில் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் கூட்டத்தில் ஒருவன், “எங்க சாமி என்ன ஊமையா? நீ அடி அப்பு, நல்லா அடி!” என்றான். என் மனதில் இருந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. இளைஞன் உறுமிக் குச்சியைப் பிடித்து இழுத்தான். எங்கள் ஆள் அவனைத் தண்டத்தால் அடித்தான். பிறகு கற்கள் பறந்தன. யார் முதலில் எறிந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் எழுதியிருப்பேன். நன்னாரிப் பானைகள் மூன்றும் உடைந்தன. அவற்றை உடைத்தவர்கள் எங்கள் ஆட்கள். தண்ணீர் செருப்புகளுக்கு அடியில் ஓடியது. மேளக்காரர் உறுமியைக் காப்பாற்ற அதன்மேல் குனிந்திருக்கிறார். ஒரு கல் அவருடைய இடது மணிக்கட்டில் விழுந்தது. உறுமியைத் தேய்க்கிற கை அது.

போலீஸ் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அவரைத் தூக்கவில்லை. நான் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்களில் ஒருவன். அவரைத் தூக்கியவர் பாய். கல் பட்ட நெற்றியில் ரத்தத்தோடு, உடைந்த பானை ஓட்டை மிதித்துக்கொண்டு போய், அவரைத் தன் பட்டறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். வெளியே அவர்கள் பக்கத்துப் பையன்கள், “அந்த மேளக்காரன வெளிய விடுங்க பாய்” என்று கதவைத் தட்டினார்களாம். “கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன், மாவு காயட்டும், அப்புறம் வாங்கடா” என்று உள்ளேயிருந்து பதில் சொன்னாராம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றுவது அவருடைய கட்டு. அது காய்வதற்குள் பையன்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் சமாதானக் கூட்டம். அதிகாரி ஒருவர் வந்திருந்தார். இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நல்ல கையெழுத்து என்பதால் நடவடிக்கையை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மேளக்காரர் வாசற்படிக்கு வெளியே நின்றார். கையில் மூங்கில் கட்டு, கழுத்தில் தூளி.

அரை மணி நேரம் இரண்டு பக்கமும் சத்தம் போட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார்: “வழக்கமா நிக்கிற மேளம் அன்னைக்கு ஏன்யா நிக்கல?”

வாசற்படிக்கு வெளியிலிருந்து மேளக்காரர்தான் பதில் சொன்னார்.

“வாத்தியாரய்யா துண்டத் தூக்கலீங்க.”

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. அதிகாரி கேட்டார்: “துண்டைத் தூக்கினீங்களா, இல்லையா?”

“தூக்கினேன்” என்றேன்.

ஒரு சொல். கழுத்தில் மாலை இருந்தது. அந்த மாலையோடு பொய் சொல்லக் கூடாது என்பது விரதத்தின் முதல் விதி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

“அப்புறம் இவனுக்கு ஏன் தெரியல?” என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், “ஊத்திட்டு வந்திருப்பான்” என்றார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், “அதான், கண்ணு சொருகித்தான் இருந்துச்சு” என்றார். காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பெஞ்சுகளும் அதில் ஒத்துப்போயின. எல்லோருடைய முகமும் லேசானது. யாரோ ஒருவர் சிரித்தேவிட்டார். மேளக்காரர், “நான் குடிக்கலீங்க சாமி, மாலை…” என்று ஆரம்பித்தார். “நீ சும்மா இரு” என்றது எங்கள் பெஞ்சா, அவர்கள் பெஞ்சா என்று நினைவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பாய் அந்தக் கூட்டத்தில் இல்லை. நெற்றிக் காயத்தோடு வீட்டில் படுத்திருந்தார்.

மேளக்காரர் குடிபோதையில் சைகையைக் கவனியாமல் அடித்ததே சம்பவத்துக்குக் காரணம் என்றும், இனி அவரையோ அவரது செட்டையோ எந்த ஊர்வலத்துக்கும் அழைப்பதில்லை என்றும் தீர்மானம் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்தது.

அது மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். குடித்ததாக ஊரே எழுதிக் கொடுத்த ஆளைப் போலீஸ் சும்மா விடாது. வாசற்படியிலிருந்தே அவரைக் கூட்டிப் போனார்கள். நாங்கள் இரண்டு நாள் தாமதமாக, மேளம் இல்லாமல், பழனிக்கு நடந்தோம். வழியில் கொப்புளம் கண்ட கால்களுக்கெல்லாம் நான் எண்ணெய் போட்டுவிட்டேன். “வாத்தியாருக்கு எம்புட்டுப் பக்தி” என்றார்கள். மலை ஏறி, சாமி பார்த்து, மாலையைக் கழற்றினேன். அழுகை வந்தது. அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாறு வருடம் போனது. வழக்கம் பழையபடி நடந்தது. வேறு செட்டு வந்தது. நான் கம்பத்தில் துண்டைத் தூக்கினேன், முக்கில் இறக்கினேன். முதல் வருடமே பாய் புதுப் பானைகள் வாங்கி வைத்திருந்தார். அவர் எனக்கு டம்ளர் நீட்டும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் ஊஞ்சலில் இருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். ஊரில் வேறு வைத்தியர்களும் இருந்தார்கள். ஆனால் குழந்தை கத்தும்போது கால் தானாக அந்தச் சந்துக்குத்தான் போனது.

“யாரு, கார்டு வாத்தியாரு மகளா? வா தாயி. ஊஞ்சல் ஒன்னத் தள்ளிவிட்டுச்சா, நீ ஊஞ்சலத் தள்ளிவிட்டியா?” என்று அவளைச் சிரிக்க வைத்து, அவள் சிரித்த நொடியில் எலும்பை இழுத்து உட்கார வைத்தார். அவளுடைய அலறல் அடங்கியதும் மாவைப் பூசினார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“இதையெல்லாம் எப்படி பாய் சலிக்காமல் செய்கிறீர்கள்?” என்றேன்.

“எனக்கா செய்யிறேன்? கேக்குறவன் ஒருத்தன் இருக்கான், நாளைக்கு அவன்ட்டச் சொல்லணும்ல” என்றார். பிறகு, “கட்டு அவிழாமப் பாத்துக்கங்க வாத்தியாரே. முதல் பத்து நாள் முக்கியம். அவிழ்ந்தா அம்புட்டுத்தான், எலும்பு கோணலா ஒட்டிக்கிரும். உங்க மேளக்காரனுக்கு ஆச்சே, அந்த மாதிரி.”

அவர் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“ஜெயிலுக்குள்ள மூங்கிலும் கயிறும் கொண்டுபோகக் கூடாதுன்னு அவுத்துட்டாங்க. நான் தினம் போயி வாசல்ல உக்காந்தேன். நாலாம் நாள்தான் உள்ள விட்டாங்க. அதுக்குள்ள கோணிருச்சு. மறுபடி உடைச்சு வைக்கிறேன்டான்னேன், அவன் வேணாம்னுட்டான். கல்லு பட்டது பெருசு இல்ல வாத்தியாரே. அது என் கட்டுலயே கூடியிருக்கும்.”

“உங்களுக்குத் தெரியுமா பாய்?” என்றேன். எது என்று நான் சொல்லவில்லை.

“அன்னைக்கே தெரியும். அவன் பொய் சொல்ற ஆளில்ல. கூட்டம் முடிஞ்ச சாயந்தரமே எங்க பெரிய ஆளுககிட்டச் சொன்னேன். ‘முடிஞ்சு போச்சு பாய், ஊரு அமைதியா இருக்கட்டும்’னாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். நாளைக்கு அங்க எனக்கும் கேள்வி இருக்கு.” முடிச்சைப் போட்டுவிட்டு மகளின் கன்னத்தைத் தட்டினார். “என்ட்டச் சொல்லாதீங்க. நெலக்கோட்டை பூ மார்க்கெட்ல கிடக்கான். அவன்ட்டப் போயிச் சொல்லுங்க.”

போவதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்து வண்டியேற்றும் இடத்தில் அவர் இருந்தார். வலது கையால் மூட்டையைப் பிடித்து, இடது முழங்கையால் அணைத்துத் தூக்கினார். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டிருந்தது. என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “வாங்க சாமி” என்றார். அந்த மரியாதைக்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

“அன்றைக்கு நான் துண்டைத் தூக்கவில்லை” என்றேன்.

“அது எனக்குத் தெரியுமே சாமி” என்றார். “நாந்தான பாத்துக்கிட்டே வந்தேன்.”

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கை கிடக்கு. அடிக்கலாம், தேய்க்க வராது. தேய்க்காத உறுமி எதுக்கு?” மூட்டையின் மேல் தண்ணீர் தெளித்தார். “எனக்கு வருத்தம் அது இல்ல சாமி. நானும் மாலை போட்டுருந்தேன். சட்டைக்குள்ள இருந்ததால உங்க யாருக்கும் தெரியாது. நாப்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சோத்தோட கிடந்து வந்தவன, மாலையோட குடிச்சேன்னு எழுதிட்டீங்க. மலையில கழட்ட வேண்டியத ஸ்டேஷன்ல கழட்டி வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் மலை ஏறல. எந்த மூஞ்சிய வச்சு ஏறுறது?”

“முருகனுக்குத் தெரியும்” என்றேன். சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது.

“அவனுக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. எங்க செட்டுப் பிள்ளைகளை டவுனுக்குள்ள எவனும் கூப்புடுறதில்ல. குடிகார செட்டாம்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்தத் தெருவுல, எல்லாரும் இருக்கையில, ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? நான் குடிக்கலன்னு? எனக்கு அது போதும். சொன்னா அந்த வருசமே மாலை போட்டு மலை ஏறிருவேன்.”

“தைப்பூச நடைக்குப் புறப்படும் அன்று சொல்கிறேன். மேளம் நிற்கும்போது சொல்கிறேன்” என்றேன். அது நானே கண்டுபிடித்த யோசனை. ஊர் முழுக்கக் கூடியிருந்தும் ஒரு மனிதனின் குரல் கேட்கக்கூடிய இடம் எங்கள் தெருவில் அது ஒன்றுதான். அவர் முகம் மாறியது. “அப்ப நானும் வாரேன் சாமி. காதால கேக்கணும்ல” என்றார். நான் பஸ் ஏறும்போது ஒரு பொட்டலம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைக்கு வைக்கச் சொன்னார்.

அந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் வெள்ளெனப் புறப்பட்டோம். நான் சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். நான்கு வாக்கியம். கம்பம் வந்தது. துண்டைத் தூக்கினேன். மேளம் நின்றது.

பாயின் பெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த மேளக்காரர் நின்றிருந்தார். வெளுத்த சட்டை. எண்ணெய் வைத்துச் சீவிய தலை. சட்டைக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி, மாலை போட்டிருந்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி முன்கூட்டியே விரதம் இருந்திருக்கிறார்.

நான் நடந்தேன். கூட்டம் பின்னால் வந்தது. காவடிச் சலங்கை மட்டும் லேசாகக் கேட்டது. பள்ளிவாசல் வாசலில் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். என் பக்கத்தில் எங்கள் பெரியவர்கள். எனக்குச் சம்பளம் கொடுக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். என் மாணவர்கள் இருந்தார்கள். என் மகள் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது எட்டு. நாற்பது. துண்டு என் கையில், என் தலைக்கு மேல். நான் இறக்காதவரை மேளம் தொடங்காது. அன்று மாலை வரைக்கும்கூட நான் அப்படியே நின்று பேசியிருக்கலாம். தடுக்க யாரும் இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும்: பயமுறுத்தக்கூட யாரும் இல்லை.

பாய் டம்ளரை நீட்டினார். இரண்டு கையும் மேலே இருந்ததால் அவரே என் வாயில் ஊற்றினார். “குடிங்க வாத்தியாரே. தொண்டை காஞ்சிருக்கும், பேச வேணாமா?” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

குடித்தேன். மேளக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு போலவே துண்டைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார்.

முக்கு வந்தது. துண்டை இறக்கினேன். மேளம் தொடங்கியது.

தெருக்குழாயடியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பாய் அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்திருந்தார். அவர் அதை நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துப் பெஞ்சில் வைத்தார். பாய் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டைக்குள் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அதன் பிறகும் சில வருடம் நான் துண்டு பிடித்தேன். ஒவ்வொரு வருடமும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் வரவில்லை. அறுபதுகளின் நடுவில் அவர் காலமானதைப் பாய்தான் சொன்னார். பள்ளிவாசலில் அவருக்காகத் துஆ கேட்டு வேண்டிக்கொண்டதாகவும் சொன்னார். மலை ஏறினாரா என்று கேட்டேன். “இல்ல” என்றார். அடுத்த வருடம் துண்டை வேறொருவரிடம் கொடுத்தேன். முழங்கால் வலி என்று காரணம் சொன்னேன்.

உலகத்தில் மதத்தின் பெயரால் எங்கே கல் விழுந்தாலும், எங்கே யாருடைய புண்ணை யார் கழுவினாலும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நான் யோசிப்பது இந்த ஒரு தெருவைத்தான். பட்டறைக் கதவைத் தட்டிய பையன்களும் பாயும் அன்று ஒரே தொழுகையிலிருந்துதான் எழுந்து வந்தார்கள். கிணற்றடியில் அந்த மனிதரைக் கழுவிய கையும் துண்டைத் தூக்காத கையும் என்னுடையவைதான். கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவனுக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்கும் என்று காத்திருந்ததும் சொல்லாமல் இருப்பதற்கு நான் பிடித்துக்கொண்ட ஒரு சாக்குத்தான்.

தெருவில், எல்லோரும் இருக்கும்போது, சொல்லியிருக்க வேண்டிய நான்கு வாக்கியங்கள் இவை. அன்று நான் துண்டைத் தூக்கவில்லை. தூக்கியதாகக் கூட்டத்தில் பொய் சொன்னேன். மேளக்காரர் குடித்திருக்கவில்லை. அவர் கழுத்தில் மாலை இருந்தது.